மன்னார்க் கரையும் மலையக மக்களும்

மலையக மக்களைப் பற்றி எழுதப் புகுவோர் மலையிலே தொடங்கி மலையிலேயே முடிப்பது வழக்கமாகிவிட்டது. பனி மூடிய சரிவு, கொழுந்துக் கூடை, லயன் அறை ஆகிய மூன்றுக்கும் அப்பால் அவர்களுடைய பார்வை செல்வதில்லை. இம்மக்களுக்கும் கடலுக்கும் யாது தொடர்பு என்று கேட்போரும் உளர். ஆயின் அட்டனிலோ, தலவாக்கலையிலோ, நுவரெலியாவிலோ உள்ள ஏதாவதொரு தோட்டத்துக்குச் சென்று, முதியோர் ஒருவரிடம் அவருடைய குடும்பம் வந்த வரலாற்றைக் கேட்டுப் பாருங்கள். அவ்வரலாறு மலையில் தொடங்குவதில்லை. அது ஒரு தோணியில், ஒரு கப்பலில், ஒரு மணற்கரையில் தொடங்குகிறது. தலைமன்னார், மண்டபம், தனுஷ்கோடி என்னும் பெயர்கள் அவர் வாயில் தம் சொந்தத் தோட்டத்தின் பெயரைப் போலவே எளிதில் வந்து விழுகின்றன. அவ்விடங்களைக் கண்ணாற் காணாத பேரப் பிள்ளைகளும் அப்பெயர்களை அறிவர்.

கரை என்ற சொல்லுக்கு நம் வரலாற்றில் இரண்டு கணக்குகள் உண்டு. தோட்டத் துரைமார் தென்னிந்தியாவை 'கோஸ்ட்' என்றே வழங்கினர். ஆள்கட்டி வருவதற்காகக் கங்காணியிடம் கொடுத்த முன்பணத்துக்கு அவர்களுடைய பேரேட்டில் 'கோஸ்ட் அட்வான்ஸ்' என்று பெயர். அவர்களுக்குக் கரை என்பது உழைப்பு மலிவாகக் கிடைக்கும் சந்தை. செலவுப் பத்தியில் எழுதப்படும் ஒரு தலைப்பு. அதே கரை நம் முன்னோர்க்குத் தாயின் முகத்தை இறுதியாகக் கண்ட இடம். புது நிலத்தில் முதலடி வைத்த இடம். துரைமாரின் கணக்கு கொழும்பிலும் இலண்டனிலும் கண்ணாடிப் பேழைகளுக்குள் காக்கப்பட்டு வருகிறது. நம் முன்னோரின் கணக்கோ நினைவிலே மட்டும் நிற்கிறது. அந்த நினைவும் இன்று மங்கத் தொடங்கியிருக்கிறது. இவ்விரண்டாவது கணக்கை எழுதி வைப்பது ஏன் அவசியம் என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மொரிசியசுத் தீவை நோக்குவோம். 1834ஆம் ஆண்டு தொடங்கி அங்குக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியரின் பெயரும், ஊரும், வயதும், அங்க அடையாளமும் பதிவேடுகளில் எழுதப்பட்டன. அடக்கி ஆள்வதற்காக எழுதப்பட்ட ஏடுகளே எனினும், இன்று ஒரு மொரிசியசுக் குடும்பத்தின் பேரன் அவற்றைப் புரட்டித் தன் பாட்டனைக் கண்டுகொள்ள இயலும். அவர்கள் ஏறிச் சென்ற படிக்கட்டு போர்ட் லூயி துறையில் 'ஆப்பிரவாசி காட்' என்ற பெயரால் பேணப்படுகிறது. 2006ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

இலங்கைக்கு வந்தோர்க்கு இந்த வாய்ப்பு இல்லாமற் போயிற்று. 1847ஆம் ஆண்டில் இந்தியாவில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், இலங்கைப் பயணத்தை ஏனைய கடல் கடந்த பயணங்களுக்குரிய விதிகளிலிருந்து விலக்கிவிட்டது. பாக்கு நீரிணை குறுகியது; அதைக் கடப்பது அயல் நாடு செல்வதாகாது என்பது அரசின் வாதம். இதன் விளைவு யாது? கோப்பிக் காலத்தில் மன்னார்த் துறையில் வந்திறங்கியோரைத் தலை தலையாக எண்ணினர்; அவர்களுடைய பெயர்களை எழுதினாரில்லை. எனவே நம் மக்களிடையே வாய்மொழியாக வழங்கும் முதற் பயண நினைவுகள் வெறும் பாட்டிக் கதைகள் அல்ல. எழுதப்படாத பதிவேட்டின் இடத்தில் நமக்கு எஞ்சியிருப்பவை அவை மட்டுமே.

கால்நடைக் காலம்

1823ஆம் ஆண்டளவில் கம்பளைக்கு அண்மையில் சிங்கப்பிட்டி என்னுமிடத்தில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டமொன்றைத் தொடங்கினார். ஆளுநர் எட்வேர்ட் பாண்ஸ் கன்னொறுவையில் தாமே ஒரு தோட்டத்தைத் திறந்தார். கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்து பத்தாண்டுகளும் நிறையாத காலம் அது. சொந்த நிலமும் வயலும் உடைய சிங்களக் குடியானவர் அற்பக் கூலிக்குத் தோட்டத்தில் நிரந்தரமாக உழைக்க இசைந்தாரல்லர். வெள்ளையரின் பார்வை அக்கரையை நோக்கித் திரும்பியது.

அக்கரையில் இராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சை, சேலம் ஆகிய சீமைகளில் நிலமற்றோரும் கடன்பட்டோரும் நிறைந்திருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். வேறொருவன் வயலில் பிறந்து, அங்கேயே உழைத்து மாள்வதைத் தவிர வழியறியாதவர். பின்னாளில் 1876ஆம் ஆண்டளவில் தாது வருடப் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, கரையை நோக்கி நடந்தோரின் தொகை பன்மடங்காயிற்று. வறுமை பின்னின்று தள்ளியது; கங்காணியின் சொல் முன்னின்று இழுத்தது. கண்டிச் சீமையில் தேங்காயும் மாசியும் தேடாமலே கிடைக்குமென்று கங்காணிமார் ஆசை காட்டியதாக முதியோர் இன்றும் சொல்லிச் சிரிக்கின்றனர். அச்சிரிப்பின் அடியில் உள்ள கசப்பை நாம் அறியாதவர் அல்லோம்.

தொண்டி, தேவிபட்டினம், இராமேசுவரம் முதலிய துறைகளில் தோணியேறியோர் தலைமன்னாரிலும், பேசாலையிலும், வங்காலையிலும், அரிப்பிலும் வந்திறங்கினர். தமிழிலக்கியம் பயின்றோர்க்கு இக்கரை புதிதன்று. மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடியுள்ளனர். முத்துக்குளிப்பால் உலகெங்கும் அறியப்பட்ட கரை இது. ஆளுநர் பிரடெரிக் நோர்த் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்பில் கட்டிய மாளிகையின் இடிபாடு இன்றும் கடலரிப்புக்கு இரையாகி நிற்கிறது. அதைப் படமெடுக்கச் செல்வோர் பலர். அம்மாளிகையைக் கடந்து வெறுங்காலுடன் காட்டுக்குள் நுழைந்த கூட்டத்தாரை நினைப்போர் சிலரே.

கரையிலிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல். வன்னிக் காட்டினூடே மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என்று நீண்ட அவ்வழியை வெள்ளையர் 'வடக்குச் சாலை' என்றனர். சாலை என்பது பெயரளவில்தான். கோடையில் குளங்கள் வற்றின. கிடைத்த குட்டைநீரைப் பருகியோரை வாந்திபேதி வாரிச் சென்றது. அம்மை நோயும் மலைக்காய்ச்சலும் எஞ்சியோரைத் தொடர்ந்தன. நடக்க இயலாதவரை வழியில் விட்டுச் செல்வதன்றிக் கூட்டத்தார்க்கு வேறு போக்கில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து வறண்டால் அந்நிலமே பாலையாகும் என்று இளங்கோவடிகள் காட்டினார். நெய்தற் கரைக்கும் குறிஞ்சி மலைக்கும் இடையே நம் முன்னோர் நடந்த அடர்ந்த காடு, மரங்கள் செழித்து நின்றபோதே அவர்களுக்குப் பாலையாயிற்று.

மாண்டோர் எத்துணை பேர்? 1841 முதல் 1849 வரையிலான ஆண்டுகளில் 70,000 பேர் மடிந்திருப்பர் என்று அக்காலத்துக் கொழும்பு 'ஒப்சேவர்' பத்திரிகை மதிப்பிட்டது. இத்தொகை மிகையானது என்று வாதிடும் வரலாற்றாசிரியரும் உளர். குறைத்துச் சொல்வதற்கில்லை என்போரும் உளர். வந்தோரையும் திரும்பியோரையும் ஒப்பிட்டுச் செய்த கணக்கு அது. ஆதலால் துறையில் எண்ணத் தவறியவரும் அதனுள் மாண்டவராகிவிடக்கூடும். நாம் இங்கு வலியுறுத்த விரும்புவது ஒன்றே. மாண்டோரின் தொகையைக்கூட வழக்கிட்டுத் தீர்க்க வேண்டிய நிலை ஏற்பட்டதற்குக் காரணம், அவர்களுள் எவருடைய பெயரையும் எவரும் எழுதி வைக்கவில்லை என்பதே. 1850களின் இறுதியில்தான் கிணறும், தங்கு கொட்டகையும், மருந்தும் பற்றி அரசும் துரைமாரும் சிந்திக்கலாயினர். ஆள் குறைந்தால் கோப்பி பழுத்து உதிரும் என்ற அச்சமே அதற்கு முதற் காரணம் எனலாம்.

ஆயினும் நம் முன்னோரை இரங்கத்தக்க உயிர்களாக மட்டுமே காண்பது அவர்களுக்குச் செய்யும் நீதியாகாது. கோப்பிக் காலத்தில் பலர் அறுவடைப் பருவத்தில் வந்து, கூலியை முடிந்துகொண்டு, அதே வழியே ஊர் திரும்பினர். மறு ஆண்டு மீண்டும் வந்தனர். ஆபத்தை அறிந்தே வந்தனர். ஊரில் மிராசுதாரின் வாசலில் நிற்பதைக் காட்டிலும் காட்டுவழி நடப்பது மேலென்று முடிவு செய்த மனிதர் அவர்கள். காடு முடிந்து மாத்தளையை அடைந்தோர் மாரியம்மனை வணங்கி ஆறுதல் பெற்றனர் என்பது வழிவழி வந்த செய்தி. அம்மைக்கு அஞ்சி நடந்தவர்கள் மாரியை வணங்கியதில் வியப்பென்ன? மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்கு மலையகம் முழுவதும் இன்றளவும் திரள்வதன் வேரை அந்த வழிநடையிலே தேடுதல் வேண்டும்.

கப்பற் காலம்

1869ஆம் ஆண்டில் கோப்பி இலையில் துருநோய் கண்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் கோப்பி அழியும் நிலையை எய்தியது. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. கோப்பிக்குப் பருவம் உண்டு, தேயிலைக்கு இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுத்தாக வேண்டும். ஆகவே தனியாளாக வந்தவன் குடும்பத்துடன் வரலானான். பெண்ணின் விரல் தோட்டத்தின் முதலாயிற்று. வந்து போனோர் தங்கி வாழ்வோராயினர். 1884இல் புகைவண்டி அட்டனையும் மறு ஆண்டில் நானுஓயாவையும் எட்டியது. நூற்றாண்டின் இறுதியில் வடக்குச் சாலை கைவிடப்பட்டு, தூத்துக்குடி வழியே கொழும்புக்கு ஆள் கொண்டுவரப்பட்டது.

1914ஆம் ஆண்டு கரையின் வரலாற்றில் ஒரு திருப்பம். பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. மார்ச்சில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையில் 'போட் மெயில்' ஏறியவர் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, ஏறத்தாழ 22 மைல் கடலைக் கடந்து, தலைமன்னார்த் துறையில் காத்து நிற்கும் புகைவண்டியில் ஏறலாம். பொல்காவலையில் வண்டி மாறினால் மலைநாடு. பாட்டன் வாரக் கணக்கில் உயிரைப் பணயம் வைத்து நடந்த தொலைவைப் பேரன் ஓரிரு நாளில் கடந்தான்.

பயணம் எளிதாயிற்று, பயணி விடுதலை பெற்றானல்லன். அவன் கழுத்திலோ இடுப்பிலோ ஒரு தகரப் பில்லை தொங்கியது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. பொதி தவறாது போய்ச் சேரும்பொருட்டு அதன்மீது முகவரி எழுதுவதைப் போன்ற ஏற்பாடு அது. பில்லை உடையவனின் வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. அது கடனாய் வளர்ந்து, 1921இல் ஒழிக்கப்படும்வரை 'துண்டு' என்னும் சீட்டின் வடிவில் அவனைப் பின்தொடர்ந்தது. கடனைத் தீர்க்கும் தோட்டம் எதுவோ அதுவே அவனைப் பெறும். மண்டபத்தில் ஒரு முகாம். அங்குத் தோட்டத் தொழிலாளரைச் சில நாள் நிறுத்தி, நோய் சோதித்து, அம்மைப்பால் குத்தி, பட்டியல் எழுதிய பின்னரே கப்பலேற விட்டனர். முதல் வகுப்புப் பயணி அதே கப்பலில் மேல்தட்டில் நின்று கடற்காற்று வாங்கினார்.

எனினும் இக்கப்பற் காலத்திலேதான் கரை நம் மக்களுக்கு அன்புக்குரியதாயிற்று என்பதைக் குறிப்பிட்டேயாக வேண்டும். நம் பாட்டிமார் 'ஊருக்குப் போனது' என்று சொல்லும்போது குறிப்பது இக்காலத்தையே. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில், திருமணத்துக்கோ, குலதெய்வக் கும்பிட்டுக்கோ, முதிய தாயைக் காணவோ குடும்பத்துடன் புறப்படுவர். பனியிலும் மழையிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் முதன்முதலாகக் கடலைக் கண்டது தலைமன்னாரிலேதான். மலைச்சரிவுகளுக்கிடையே துண்டு துண்டாகவே வானத்தைக் கண்டு பழகிய கண்களுக்கு, தடையின்றி விரிந்த வானமும் நீரும் அச்சத்தை ஊட்டின என்று ஒரு மூதாட்டி நம்மிடம் கூறினார். தாயின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டே கப்பலேறினாராம். திரும்பும்போது அச்சம் இல்லை. கையில் ஓலைப் பெட்டியும் அதற்குள் கருப்பட்டியும் இருந்தன. இராமேசுவரத்தில் வாங்கிய சங்கு ஒன்றைக் காதில் வைத்துக் கேட்டபடியே தோட்டம் வந்து சேர்ந்தாராம். லயன் அறைகளில் சாமிப் படத்தருகே இன்றும் காணப்படும் சங்குகள் பல இவ்வாறு மலையேறி வந்தவையே.

1939ஆம் ஆண்டு ஆகஸ்டு முதலாம் நாள், இலங்கைக்குத் தோட்டத் தொழிலாளரை அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. அன்றோடு புதிதாக ஆள்கட்டுதல் நின்றது. அதற்கு முன் கைக்குழந்தையாக இக்கரையில் இறங்கியவர்களும் இன்று எண்பத்தைந்து வயதைக் கடந்துவிட்டனர். அத்தலைமுறையின் கடைசிச் சிலரே நம்மிடையே எஞ்சியுள்ளனர். இக்கட்டுரையின் அவசரத்துக்கு இது ஒன்றே போதிய காரணமாகும்.

ஒப்பாரிக் கோச்சி

நாடு 1948 பெப்ரவரியில் சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டே இயற்றப்பட்ட 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்ததற்குப் பத்திரம் காட்டுமாறு அது கேட்டது. துறையில் பெயர் எழுதாத அரசு, லயனில் பிறப்பை ஒழுங்காகப் பதியாத தோட்டம், இவ்விரண்டின் குறைக்கும் தண்டனை பெற்றவன் தொழிலாளி! பதிவேட்டில் பெயர் இல்லாமை என்பது வெறும் ஏட்டுக் குறையன்று. ஒரு மக்கட் கூட்டத்தின் வாக்குரிமையையே பறிக்கும் ஆயுதமாக அது மாறியது என்பதை நாம் மறத்தலாகாது.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 பேரின் விதி அதிற் பங்கிடப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது என்பது ஏற்பாடு. 1974இல் அந்த எச்சத்தையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். எந்தக் கட்டத்திலும் இம்மக்களை அழைத்து எவரும் கருத்துக் கேட்டாரில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு திங்கள் நிறையுமுன், டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டி ஒன்று பயணிகளோடு கடலுக்கு இரையானது. பாட்டன்மார் கப்பலேறிய துறை மண்ணுக்குள் மறைந்தது. அதன்பின் கப்பல் தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே ஓடியது.

எழுபதுகளில் அட்டனிலும் நானுஓயாவிலும் கண்டியிலும் புகைவண்டி மேடைகளில் எழுந்த அழுகை இன்னும் பலர் காதுகளில் ஒலிக்கிறது. தாயகம் திரும்புவோரை ஏற்றிச் சென்ற வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. வண்டிக்குள் இருப்போரும் மேடையில் நிற்போரும் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு, இறந்தோர்க்குப் பாடுவதைப் போலவே பாடி அழுதனர். பெற்றோர்க்கு இந்தியக் கடவுச்சீட்டு, மணமான மகளுக்கு இலங்கைக் குடியுரிமை என்று குடும்பங்கள் நடுவே கிழிந்தன. 1973–74இல் தோட்டங்களைப் பஞ்சம் வாட்டியபோது, செல்ல மனமில்லாதவர்களும் பசிக்கு அஞ்சிப் பெயர் கொடுத்தனர்.

அவர்களுக்கும் அது ஒரு முதற் பயணமே. அவர்களுட் பலர் மலையிலே பிறந்து, கடலைக் காணாமலே வளர்ந்தவர்கள். 'திரும்பிச் செல்வோர்' என்று அரசுகள் எழுதின. தாம் ஒருபோதும் காணாத நாட்டுக்கு ஒருவர் எவ்வாறு திரும்பிச் செல்ல இயலும்? தலைமன்னார்த் துறையில் 'இராமானுஜம்' என்ற கப்பல் காத்து நின்றது. அக்கரையில் இறங்கியோரை ஏற்றது, பாட்டன்மாரை நோய் சோதித்து அனுப்பிய அதே மண்டபம் முகாம். பின்னர் 1983ஆம் ஆண்டு வன்செயலுக்கும் போருக்கும் அஞ்சிக் கடல் கடந்த ஈழத் தமிழ் அகதிகளை ஏற்றதும் அந்த முகாமே. ஒரே வாயிலில் ஒரு நூற்றாண்டுக்குள் மூவகைத் துயர் நுழைந்தமை வரலாற்றின் விந்தையன்று. ஏழையின் பயணத்தை எப்போதும் வேறொருவர் தீர்மானிக்கும் முறையின் விளைவு அது. தாயகம் திரும்பியோர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிலும், கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளிலும், தமிழகத்தின் பிற மாவட்டங்களிலும் குடியேறினர். இங்கு 'இந்தியாக்காரர்' எனப் பெயர் பெற்றிருந்தவர்கள் அங்கு 'சிலோன்காரர்' என்று அழைக்கப்பட்டனர். 1984இல் போர் மூண்ட சூழலில் கப்பல் நின்றது. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் வந்தன.

இங்கே இன்னொரு பயணத்தையும் நினைவுகூர்தல் தகும். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் அடிபட்ட தோட்ட மக்கள் பலர் மலையை விட்டு வடக்கே வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பகுதிகளை நாடினர். காந்தீயம் முதலிய அமைப்புகள் அவர்களுட் சிலரைக் காடு வெட்டிக் குடியேற்றின. தம் முன்னோர் நூறாண்டுகளுக்கு முன் நடந்து கடந்த அதே காட்டில் அவர்கள் குடிசை கட்டினர். போர் அங்கும் அவர்களைத் தொடர்ந்தது.

மீண்டும் கரைக்கு

1990இல் போரினால் துண்டிக்கப்பட்ட தலைமன்னார்ப் புகைவண்டிப் பாதை 2015 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. அதன்பின் வந்த ஆண்டுகளில் நாம் கற்பிக்கும் பாடசாலையின் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு மன்னாருக்குச் சென்றோம். அட்டனிலிருந்து கண்டி, மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி என்று பேருந்து சென்ற வழி, நம் முன்னோர் நடந்து வந்த வழியின் மறுதலை. மாத்தளையிலேயே அதை மாணவருக்குச் சொன்னோம். பாட்டும் கூத்துமாய் இருந்த வண்டி தம்புள்ளையைத் தாண்டியதும் சற்று அமைதியடைந்தது. இரு மருங்கும் நீண்ட காட்டையும் இடையிடையே மின்னிய குளங்களையும் அவர்கள் வேறு கண்களால் பார்க்கத் தொடங்கினர். பேருந்தில் வந்தபோதே இத்துணை வெயிலா என்று ஒரு மாணவன் கேட்டான். வேறொருவன் மைற்கற்களை எண்ணலானான்.

தலைமன்னார்ப் பழந்துறையின் துருவேறிய எச்சங்களை நோக்கியவாறு டிக்கோயாப் பகுதி மாணவி ஒருத்தி நெடுநேரம் நின்றாள். அவளுடைய பாட்டியின் அக்கா இந்தத் துறையில்தான் கப்பலேறிச் சென்றவராம். சில ஆண்டுகள் கடிதம் வந்ததாம், பிறகு வரவில்லையாம். அதுகாறும் தன் வீட்டுச் செய்தி என்று மட்டுமே கருதியிருந்த ஒன்று வரலாறும் ஆகும் என்பதை அவள் அன்று உணர்ந்திருக்க வேண்டும். பாடசாலை திரும்பிய பின், வீட்டு முதியோரிடம் பயணக் கதைகளைக் கேட்டு எழுதி வருமாறு மாணவரிடம் கூறினோம். வந்தவை சிறு துணுக்குகளே. மண்டபத்தில் குத்திய ஊசியின் தழும்பு. கப்பலில் வாந்தியெடுத்த தம்பி. பெட்டிக்குள் துணியில் சுற்றிக் காத்த ஒரு தகரப் பில்லை. ஒப்பாரிக் கோச்சியின் சன்னல் வழியே கைக்கு மாறிய ஒரு வெள்ளிக் கொலுசு. இத்துணுக்குகளை ஒன்று சேர்த்தால் எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்காத ஒரு நூல் உருவாகும் அன்றோ?

இப்பணி நம்மோடு தொடங்குவதன்று. மடக்கும்புரையிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்துத் தந்தார். அவரைத் தொடர்ந்து எழுத்தாளரும் ஆய்வாளரும் பலர் உழைத்துள்ளனர். 2023ஆம் ஆண்டில், வருகையின் இருநூறாம் ஆண்டை முன்னிட்டு, ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் ஒன்று ஆகஸ்டு நடுப்பகுதியில் மாத்தளையை அடைந்தது. முன்னோர் சென்ற திசையிலேயே நடந்தனர். முன்னோரை எவரும் வரவேற்கவில்லை. இவர்களையோ வழியெங்கும் சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் நீர் கொடுத்து வரவேற்றனர். காணி, வீடு, நியாயமான ஊதியம், சமமான குடிமக்களாக மதிக்கப்படும் உரிமை ஆகியவற்றைக் கேட்டு அவர்கள் நடந்தனர். எவருடைய முன்பணத்துக்கும் கட்டுப்படாமல், தம் விருப்பத்தின் பேரில் இம்மக்கள் பெருந்திரளாக அவ்வழியே நடந்தமை வரலாற்றில் ஒரு புது நிகழ்ச்சியாகும்.

நினைவு வேறு, உரிமை வேறு என்று சிலர் எண்ணக்கூடும். மலையகத்தின் அனுபவம் அதற்கு மாறானது. இருநூறு ஆண்டுகள் சென்ற பின்னரும், தாம் வாழும் லயன் அறைக்குச் சொந்தமான காணி உறுதியோ, தனியான தபால் முகவரியோ இல்லாத குடும்பங்கள் தோட்டங்களில் ஏராளம். நேற்று வந்தவர்தாமே என்ற ஏளனம் அவ்வுரிமைகளை மறுப்பதற்குத் துணை நிற்கிறது. நேற்று வந்தவரல்லர், இன்ன கரையில் இறங்கி, இன்ன வழியில் நடந்து, இன்ன மலையைத் திருத்தியவர் என்று சான்றுடன் கூறுவது அவ்வேளனத்துக்கு விடையாகும். கடந்த காலத்தில் ஏட்டில் பெயர் இல்லாமையைக் காட்டி உரிமையைப் பறித்தனர். இனி ஏட்டை நாமே எழுதுவோம்.

பெரும் நிறுவனங்களும் நிதியும் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை. தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றிலும் ஓர் அப்பியாசக் கொப்பி போதும். முதியவரின் பெயர், பிறந்த ஊர் அல்லது தோட்டம், குடும்பத்தில் முதலில் வந்தவர் யார், எத்துறையில் இறங்கினார், யாருடன் வந்தார், யார் திரும்பிச் சென்றார், சென்றவரிடமிருந்து கடைசிச் செய்தி எப்போது வந்தது என்னும் வினாக்களை மாணவர் கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதட்டும். கைத்தொலைபேசியில் குரலைப் பதிவு செய்ய இன்று எந்தப் பிள்ளைக்கும் தெரியும். நீலகிரியிலும் கூடலூரிலும் வாழும் நம் உறவினரிடமும் அதே வினாக்களைக் கேட்க வேண்டும். கரை இருபுறமும் உடையது. ஆசிரியர்கள் அக்கொப்பிகளை ஒப்பிட்டு, ஆண்டையும் இடத்தையும் சரிபார்த்து, ஊர் நூலகங்களில் சேர்ப்பார்களாக. வாய்ப்புள்ள பாடசாலைகள் மாணவரை ஒருமுறையேனும் மன்னார்க் கரைக்கு அழைத்துச் செல்லட்டும். சிவனொளிபாத மலையை அறிந்த பிள்ளைகள் தலைமன்னாரையும் தம்முடையதாக அறிதல் வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியவர்கள் எண்பத்தைந்தைக் கடந்தவர்கள். அவர்கள் நீண்ட காலம் காத்திருக்க மாட்டார்கள். இவ்விதழை வாசிக்கும் ஆசிரிய நண்பர்கள் இந்த விடுமுறையிலேயே அப்பணியைத் தொடங்குவார்களாயின், அதுவே நாம் எழுதியதன் பயனாகும்.